நிற்பவனும் சிரிப்பவரும்

உழைத்து உண்பவனுக்கு ஒருநாள் கடற்கரை உலா எதற்கு என்று கேட்போர் எக்காலத்தும் உண்டு. அந்தக் காசை அஞ்சலகச் சேமிப்பில் இட்டிருக்கலாம்; பிள்ளைக்கு நல்லதொரு நூல் வாங்கியிருக்கலாம்; ராட்டினத்தில் ஏறித் தலைசுற்றி இறங்கியதில் கண்ட பயன் யாது என்பர். இவ்வாறு பிறருடைய மகிழ்ச்சிக்குக் கணக்குப் பார்ப்போர் பெரும்பாலும் தம்முடைய ஓய்வுக்குக் கணக்குப் பார்ப்பதில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஓய்வு என்பது உழைப்பில் மிஞ்சிப்போன துண்டு என்று அவர்கள் எண்ணுகின்றனர். அதுவே பிழை. மனிதன் உழைப்பதற்காக ஓய்வதில்லை. மாடுதான் அவ்வாறு ஓய்வது.

பங்சார் என்னும் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்ளலாம். இன்று அடுக்குமாடி வீடுகளும் உணவகங்களும் நிறைந்து, வசதி படைத்தோர் வாழும் பகுதியாகப் பெயர் பெற்றுள்ள அவ்விடம், ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டமாக இருந்தது. 1906ஆம் ஆண்டு இலண்டனில் பதிவு பெற்ற கோலாலம்பூர் இரப்பர் கம்பெனியின் ஐந்து தோட்டங்களுள் ஒன்று அங்கே இருந்தது. பின்னர் அது பிரெஞ்சு, பெல்ஜிய முதலாளிகளின் நிறுவனம் ஒன்றன் கைக்கு மாறியது. பூஞ்சே என்பார் ஒருவர், கிரிசார் என்பார் ஒருவர், இவ்விருவர் பெயரும் ஒட்டிப் 'பங்சார்' ஆயிற்று என்பர். பால்மரம் சீவிய கைகளின் பெயர் ஊர்ப்பெயரில் ஏறவில்லை. அஃது எங்கும் உள்ள வழக்கந்தான்.

அத்தகைய தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்தவர்களுக்கும், பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்பில் வாழ்ந்தவர்களுக்கும் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வாய்த்த உலா எத்தகையது என்பதை மூத்த தலைமுறை நன்கறியும். விடியுமுன் எழுந்து புளிச்சோறு கட்டுவார்கள். வாடகைப் பேருந்திலோ, அதற்கும் வழியில்லையேல் லாரியிலோ நெருக்கியடித்து ஏறி, போர்ட்டிக்சனுக்கோ மோரிப்புக்கோ செல்வார்கள். மோரிப் கடற்கரை சேறு மிகுந்தது. 1945 செப்டம்பர் 9ஆம் நாள் அங்கே கரையிறங்கிய ஆங்கிலேயப் படையின் வண்டிகளே சேற்றில் புதைந்து திண்டாடின என்பது வரலாறு. அந்தச் சேற்றுக் கரைதான் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பொன்மணலாகத் தோன்றியது. கடல் வரை செல்ல இயலாதவர்களுக்குக் கோலாலம்பூரிலேயே புக்கிட் பிந்தாங் கேளிக்கைப் பூங்கா இருந்தது. 1970களின் தொடக்கத்தில் அது மறைந்து, அவ்விடத்தில் சுங்கை வாங் வணிக வளாகம் எழுந்து 1977இல் திறக்கப்பட்டது. ராட்டினம் சுழன்ற இடத்தில் கடைகள் வந்தன. கூட்டம் மட்டும் குறையவில்லை.

இவ்வுலாக்களை வீண் என்று எவ்வாறு சொல்வது? குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அலையில் கால் நனைக்கும் தந்தை, அந்த ஒரு மணி நேரம் எவருக்கும் கூலியாள் அல்லன். அவனைப் பெயர் சொல்லி அழைத்து அதட்டுவார் அங்கே இல்லை. வாரத்துக்கு ஒருநாள் ஓய்வு என்பதை 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் வாயிலாக இந்நாடு எழுத்தில் வைத்தது. எழுத்தில் உள்ள ஓய்வை உடலால் உணர்வதற்குக் கடற்கரையைப் போன்றதோர் இடம் வேறில்லை. ஆகவே கேளிக்கைப் பூங்காவுக்குப் போவது தகுமா என்னும் வினாவை இத்துடன் விட்டுவிடலாம். போவது தகும். அங்கே போனபின் எழும் வினாவே கடினமானது.

பின்னாளில் விமானச் சீட்டு நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டியது. பங்சாரிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் தமிழகச் சுற்றுலாவுக்குச் செல்வோர் பெருகினர். ஒரு தலைமுறையோ இரு தலைமுறையோ முன்னர்க் கப்பலின் அடித்தட்டில் வந்தவர்களின் மக்கள், மேலே பறந்து திரும்பினர். கோயில்கள் பார்த்தல், தியாகராய நகரில் சேலை எடுத்தல் என்று அமைந்த பயணத்தில், குழந்தைகளுக்காகச் சென்னைக்குத் தெற்கே ஒருநாள் ஒதுக்குவது வழக்கமாயிற்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள வி.ஜி.பி. தங்கக் கடற்கரையும், அதே சாலையில் மேலும் தெற்கே சென்றால் வரும் மாமல்லபுரமும் அந்த ஒருநாளில் அடங்கும்.

தவணை முறையில் பொருள் விற்று ஏழை எளியோர் வீட்டிலும் வானொலிப் பெட்டியைக் கொண்டுவந்து சேர்த்தவர் என்று பெயர் பெற்ற வி. ஜி. பன்னீர்தாஸ் குழுமத்தார் அமைத்தது அந்தப் பொழுதுபோக்குப் பூங்கா. பின்னாளில் அது 'யூனிவர்சல் கிங்டம்' என்னும் பெயரும் பெற்றது. மணல், சவுக்கு, சிலைகள், ராட்டினங்கள், அப்பால் வங்கக் கடல். இவற்றையெல்லாம் மறந்துவிட்டவர்களும் ஒன்றை மட்டும் மறப்பதில்லை. அதுதான் நுழைவாயிலருகே நின்ற 'சிலை மனிதன்'.

அரசவைக் காவலனைப் போல் உடை அணிந்து, பல மணி நேரம் அசையாமல் ஒருவர் நிற்பார். இமைப்பது தவிர உடலில் வேறு சலனம் தெரியாது. அவரைச் சிரிக்க வைப்பவருக்குப் பரிசு உண்டு என்று அறிவிப்பு. பத்தாயிரம் ரூபாய் என்பது பரவலாகப் பேசப்பட்ட தொகை. கூட்டம் சூழ்ந்துகொள்ளும். ஒருவர் கோணங்கி காட்டுவார், ஒருவர் நடனமாடுவார், மற்றொருவர் திரைப்பட நகைச்சுவை நடிகரைப் போல் பேசுவார். அவற்றால் பயன் இல்லையெனக் கண்டால் சிலர் ஏசவும் தொடங்குவர். அவர் அசையார். இப்பணியைப் பல்லாண்டுகள் விடாது செய்த ஒருவரைப் பற்றித் தமிழகச் செய்தி ஏடுகள் எழுதியுள்ளன. இலண்டன் பக்கிங்காம் அரண்மனைக் காவலரைக் கண்ட பூங்கா உரிமையாளருக்கு இவ்வெண்ணம் தோன்றியதாகவும் அவை கூறுகின்றன.

தமிழ் இலக்கணம் பயின்றவர்க்கு அப்பெயரிலேயே ஓர் இடர்ப்பாடு தென்படும். மக்கள் உயர்திணை, சிலை அஃறிணை. 'சிலை மனிதன்' என்னும் தொடர் இரு திணையையும் ஓர் உடலில் ஏற்றிவைக்கிறது. உவமைத் தொகை என்று கொண்டு அமைதி கூறிவிடலாம். தேர்வுத் தாளில் அவ்விடைக்கு முழு மதிப்பெண் கிடைக்கும். கூட்டத்தின் பேச்சுக்கு என்ன அமைதி கூறுவது? "அது அசையுதா பார்", "அது கண்ணு சிமிட்டுது" என்று பெரியவர்களே பேசுவர். அவர் என்பதும் அவன் என்பதும் போய் அது என்றாகிவிடும். அவரைச் 'சிலை மனிதர்' என்று மதிப்புப் பன்மையில் சுட்டியவர் மிகச் சிலரே. வீட்டுக்கு வரும் தச்சரையும் முடிதிருத்துபவரையும் 'அண்ணன்' என்று விளிக்கும் நாகரிகமுடைய நம்மவர், ஐந்தடித் தொலைவில் மூச்சுவிட்டுக்கொண்டு நிற்பவரை அஃறிணையில் பேசுகின்றனர். இந்தத் திணை வழுவைத் திருத்தச் சிவப்பு மையால் ஆகாது.

இதில் தீங்கு என்ன என்று கேட்கலாம். அவர் விரும்பி ஏற்ற பணி அது, ஊதியம் பெறுகிறார், எவரும் கட்டிப்போட்டு நிறுத்தவில்லை. இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிடுதல் அறமாகாது. தம் உழைப்பால் குடும்பத்தைக் காப்பவரைப் பார்த்து, 'ஐயோ பாவம்' என்று இரங்குவதும் ஒருவகை இழிவே. அசையாது நிற்றல் ஓர் அருந்திறன். அதைச் செய்து காட்டச் சொன்னால், பார்த்துக்கொண்டிருந்தவர்களில் கால் மணி நேரம் தாங்குபவர் அரியர். திறன் உடையவர் அத்திறனுக்குக் கூலி பெறுவதில் இழுக்கு ஏதும் இல்லை. பாட்டுப் பாடுபவரும் கழைக்கூத்தாடுபவரும் பெறுவது போன்றதே அதுவும்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பாடகரின் முன் அமர்ந்திருப்போரிடம், 'இவர் பாட்டைக் குலைப்பவருக்குப் பரிசு' என்று எவரும் அறிவிப்பதில்லை. கழைக்கூத்தாடியின் கயிற்றை அசைப்பவனைக் கூட்டமே அடித்துத் துரத்தும். இங்கோ திறனைக் காண வந்தவர்களே அத்திறனைக் குலைக்கும்படி அழைக்கப்படுகின்றனர். அவர் தோற்றால்தான் பார்ப்பவருக்கு வெற்றி. நிற்றல் அன்று, இவ்வழைப்பே ஆராயத்தக்கது.

எந்த இலண்டன் காவலரைக் கண்டு இவ்வழக்கம் பிறந்ததோ, அவர்களின் நிலையை ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். அவர்கள் நிற்பது அரண்மனையைக் காப்பதற்காக. வேடிக்கை காட்டுவதற்காக அன்று. இரண்டு மணி நேரம் நின்றபின் மாற்றாள் வருவார். இடையிடையே சில அடிகள் நடந்து கால்களை இளக்கிக்கொள்ளவும் முறை உண்டு. முன்பு அவர்கள் வேலிக்கு வெளியே, மக்கள் நெருங்கித் தொடக்கூடிய இடத்தில் நின்றனர். சுற்றுலாப் பயணியரின் தொல்லை பொறுக்கமாட்டாத நிலை வந்தபோது, 1959இல் அவர்கள் இரும்பு வேலிக்கு உள்ளே மாற்றப்பட்டனர். அங்கே கூட்டத்தை விலக்கிக் காவலருக்கு வேலி அமைத்தனர். இங்கே காவலரின் உடையை மட்டும் வாங்கிக்கொண்டு வேலியை விட்டுவிட்டனர்.

மனிதரையே காட்சிப் பொருளாக்கும் வழக்கம் ஈஞ்சம்பாக்கத்தில் தோன்றியது அன்று. நியூயார்க்கைச் சேர்ந்த கோனி தீவுக் கடற்கரையில், 'டிரீம்லேண்ட்' என்னும் பூங்கா 1904இல் திறக்கப்பட்டது. அதனுள் குள்ள உருவினர் ஏறத்தாழ 300 பேரைக் குடியேற்றி, அவர்கள் உயரத்துக்கு ஏற்ப ஒரு சிறு நகரத்தையே கட்டிவைத்தனர். அந்நகரத்துக்குத் தனித் தீயணைப்புப் படையும் இருந்தது. அப்படையின் வேலை, எரியாத தீயை அணைப்பதற்காக மணிக்கொரு முறை வண்டியை இழுத்துக்கொண்டு ஓடுவது; பார்வையாளர் சிரிப்பது. 1911 மே மாதத்தில் உண்மைத் தீ மூண்டு அப்பூங்கா முழுவதும் சாம்பலாயிற்று. கோனி தீவுக்கு வந்து சிரித்தவர்கள் யார்? பெருஞ்செல்வர் அல்லர். தையல் தொழிற்சாலைகளிலும் துறைமுகத்திலும் வாரம் முழுதும் உழன்று, ஞாயிற்றுக்கிழமை சில காசுகளுடன் கடலைக் காண வந்த ஏழை மக்களே பெரும்பாலோர். இச்செய்தி எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஈஞ்சம்பாக்கத்தில் பார்த்துவிட்டு வண்டி ஏறுவோர், அன்று பிற்பகலே மாமல்லபுரத்தில் இன்னொரு நிற்பவரைக் காண்கின்றனர். ஏழாம் நூற்றாண்டின் பல்லவச் சிற்பிகள் பெரும்பாறையில் செதுக்கிய தவக்காட்சி அது. அருச்சுனன் தவம் என்பாரும் பகீரதன் தவம் என்பாரும் உளர். எவராயினும் ஆகுக, விலா எலும்பு தெரிய, கைகளை மேலே உயர்த்தி, ஒற்றைக் காலில் ஒருவர் நிற்கிறார். அவர் முன் நின்று எவரும் கோணங்கி காட்டுவதில்லை. வழிகாட்டி குரலைத் தாழ்த்திப் பேசுவார். செருப்பைக் கழற்றிவிட்டு வணங்குவோரும் உண்டு. கருநாடகத்தில் சிரவணபெளகொளாவில் 57 அடி உயரத்தில் பாகுபலி நிற்கிறார். கொடிகள் காலைச் சுற்றிப் படர்ந்தும் அசையாதவர் என்பதே அவர் பெருமை. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் செதுக்கிய அவ்வுருவின் பாதத்துக்குப் பாலும் சந்தனமும் சொரிகின்றனர்.

வீடுபேற்றுக்காக அசையாமல் நிற்பவர் தவசி. வீட்டு வாடகைக்காக அசையாமல் நிற்பவர் கேலிப்பொருள். இரண்டிலும் வலிப்பது ஒரே முழங்கால். வள்ளுவர் அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரமும் பொறையுடைமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். அவ்விரண்டையும் நாள்தோறும் மாலை வரை உடம்பால் எழுதிக்காட்டியவர், மேடையேறி அவற்றை விளக்கிப் பேசுவோர் பெறும் மாலையில் ஓர் இதழையேனும் பெற்றதுண்டா?

மாமல்லபுரத்துப் பாறையில், தவசிக்குச் சற்றுக் கீழே, அவரைப் போலவே முன்னங்கால்களை உயர்த்தி ஒரு பூனை நிற்பதையும் காணலாம். அதன் காலடியில் எலிகள் நம்பிக்கையோடு குழுமியுள்ளன. தவத்தைச் செதுக்கிய சிற்பிக்கே அதைப் பார்த்துச் சிரிக்கவும் தெரிந்திருக்கிறது. ஆனால் அவன் சிரித்தது போலித் தவத்தை. எலிகளின் பசியையோ நம்பிக்கையையோ அவன் நகையாடவில்லை. சிரிப்பு தீதன்று, அது யாரை நோக்கிப் போகிறது என்பதில் ஒரு பல்லவக் கல்தச்சனுக்கு இருந்த தெளிவு, நுழைவுச்சீட்டு வாங்கிய கூட்டத்துக்கு இல்லாமற்போயிற்று.

இனி, அந்தக் கூட்டத்தில் நிற்கும் பங்சார்க் குடும்பத்தின் பக்கம் திரும்பலாம். மலேசியத் தமிழருக்கு அசையாமல் நிற்றல் புதிதன்று. தோட்டத்தில் பொழுது புலருமுன் 'பெரட்டு' நடக்கும். பெரட்டுக் களத்தில் ஆணும் பெண்ணும் வரிசையாக நிற்பார்கள். கிராணி செக்ரோலைப் பார்த்துப் பெயர் படிப்பார். மண்டோர் ஆள் எண்ணுவார். துரை வந்தால் அவர் பார்வை வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை செல்லும். அந்நேரத்தில் பேசுதல் கூடாது. சிரித்தல் கூடவே கூடாது. காலங்கடந்து வந்தவருக்கு அன்றைய வேலை இல்லை. வேலை இல்லையேல் கூலியும் இல்லை. பனியில் நடுங்கும் கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வந்த தாயும் அவ்வரிசையில் அசையாமல் நின்றாள். சிலை மனிதருக்காவது ஒரு நல்ல உடை கொடுத்தார்கள்.

நிற்றல் மட்டுமன்று. மிதிவண்டியில் செல்லும் தொழிலாளி வழியில் துரையையோ தோட்டத்து அலுவலரையோ கண்டால் இறங்கி நிற்கவேண்டும் என்பதும் எழுதாச் சட்டம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் ஆர். எச். நாதன் முதலியோர் வழிகாட்டக் கிளர்ந்தெழுந்தபோது, அவர்களின் கோரிக்கைகளில் கூலி உயர்வு இருந்தது; கள்ளுக்கடை ஒழிப்பு இருந்தது; பிள்ளைகளின் கல்வி இருந்தது. அவற்றுடன், மிதிவண்டியிலிருந்து இறங்கும் கட்டாயம் நீங்க வேண்டும் என்பதும் இருந்தது. காசு பெறாத இக்கோரிக்கையை ஏன் சேர்த்தார்கள் என்று அந்நாளைய அதிகாரிகள் வியந்திருக்கக்கூடும். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது, படை வந்தது, தொழிலாளர் சிலர் குண்டடிபட்டு மாண்டனர். வயிற்றுக்காகப் போராடியவர்கள், பிறர் முன் விறைத்து நிற்காமல் தம் வழியே செல்லும் உரிமைக்காகவும் அப்போராட்டத்தில் உயிர் கொடுத்தனர்.

அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தாம் ஈஞ்சம்பாக்கத்தில் விறைத்து நிற்பவரைச் சூழ்ந்து நின்று சிரிப்பது.

இதைக் கொடுமை என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டால் எளிது. ஆனால் உண்மை ஆகாது. அவர்கள் கொடியவர் அல்லர். அதே பூங்காவில் தண்ணீர் விற்கும் கிழவியிடம் மீதிக் காசு வாங்காமல் வருபவர்களும் அவர்களே. பிறகு ஏன் சிரிக்கின்றனர்? ஆண்டு முழுதும் மேலாளர் முன்னும் வாடிக்கையாளர் முன்னும் முகத்தை அடக்கி நிற்பவன், விடுமுறை நாளில் தன் முன் ஒருவன் முகத்தை அடக்கி நிற்கக் காண்கிறான். அந்த ஒரு நாழிகை அவன் துரையாகிறான். பெரட்டுக் களத்தில் வரிசையில் நின்ற நினைவு அறிவுக்கு மறந்திருக்கலாம்; உடம்புக்கு மறப்பதில்லை. இடம் மாறி நிற்பதன் இன்பத்தை அது தேடுகிறது. சீட்டின் விலையில் ராட்டினமும் அடக்கம், துரைத்தனமும் அடக்கம் போலும். மகிழ்ச்சி தேடி வந்தவன் எவ்வகை மகிழ்ச்சியை வாங்குகிறான் என்பது இங்குதான் சிக்கலாகிறது. அலையில் கால் நனைத்தபோது அவன் எவருக்கும் கூலியாள் அல்லன் என்று மேலே சொன்னோம். அவ்விடுதலையின் சுவை வேறு. பிறனொருவனை ஆட்டிப்பார்க்கும் சுவை வேறு. இரண்டும் ஒரே பிற்பகலில் ஒரே நாவில் ஊறும்போது, எது எது என்று பிரித்தறிவது படித்தவனுக்கும் எளிதன்று.

அவ்வாறாயின் அத்தகைய இடத்துக்குப் போகாமலிருப்பதே அறம் என்பார் கூற்றை ஏற்றல் இயலுமா? பூங்காவின் வாயிலை மூடிவிட்டால் நிற்பவருக்குக் கால்வலி தீரும், அடுப்பும் அணையும். அறம் பேசுவோர் பலர் பிறருடைய பிழைப்பைத் தியாகம் செய்வதில் மிகுந்த தாராளம் காட்டுகின்றனர். போகாமை விடை அன்று.

சட்டம் செய்யக்கூடியதைச் சட்டம் செய்யட்டும். அண்மைக் காலத்தில் அதற்கொரு நல்ல முன்மாதிரி தோன்றியுள்ளது. கடைகளில் நாள் முழுதும் நின்றே விற்கும் பெண்கள் நெடுங்காலம் குரல் கொடுத்ததன் பயனாக, அவர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று கேரளம் 2018இல் விதி செய்தது. தமிழ்நாடு 2021இல் தன் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி அவ்வாறே செய்தது. தியாகராய நகரில் ஐம்பது சேலைகளை விரிக்கச் சொல்லி, ஐம்பத்தோராவதை எடுத்துக்கொண்டு புறப்படும் மலேசிய வாடிக்கையாளர்களுள் எத்தனை பேர், எதிரே நின்ற பெண் காலையிலிருந்து உட்கார்ந்தாளா என்று எண்ணியிருப்பர்? ஒரு முக்காலிக்காக ஒரு சட்டமன்றம் கூடவேண்டியிருந்தது என்பது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். நின்று பார்த்தவருக்கு அவ்வாறு தோன்றாது.

சட்டம் இருக்கையைத் தரும். பார்க்கும் கண்ணுக்குச் சட்டம் இல்லை. வேடிக்கைத் தொழிலில் சிக்கல் மேலும் ஒரு படி கூடுகிறது. சிலை மனிதருக்கு நாற்காலி கொடுத்தால் அவர் வேலையே போய்விடும். அவருக்குத் தேவை பூங்காக்காரர் செய்யவேண்டிய இரண்டொரு ஏற்பாடுகள்: இலண்டனில் உள்ளதுபோல் மாற்றாள், நிழல், கை எட்டாத தொலைவில் ஒரு கயிறு. பார்வையாளர் செய்யவேண்டியது இன்னும் சிறிது. சிரிக்க வைக்க முயல்வதில் குற்றம் இல்லை. நல்ல நகைச்சுவை சொல்லித் தோற்றுத் திரும்புபவன் அவரோடு விளையாடியவன் ஆகிறான். வைதும் கிள்ளியும் பார்ப்பவன் அவரை வைத்து விளையாடியவன் ஆகிறான். 'ஓடு', 'வைத்து' என்னும் இவ்விரு சொற்களுக்கு இடையே உள்ள தொலைவைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் பள்ளிக்கூடம் வேண்டியதில்லை. அன்று உடன் சென்ற தந்தை, முறை முடிந்து வருபவரிடம் "எவ்வளவு நேரமா நிக்கிறீங்க, அண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்டால் பிள்ளை அறிந்துகொள்ளும்.

குழந்தைகளே பல சமயம் அதைக் கேட்டுவிடுகின்றன. ராட்டினத்துக்கு இழுத்த கையை விட்டுவிட்டு, நிற்பவரை அண்ணாந்து பார்த்து, "இவருக்குக் கால் வலிக்காதாப்பா?" என்று கேட்கும் பிள்ளை எக்கூட்டத்திலும் ஒன்றுண்டு. அப்பிள்ளையின் வாயில் 'அது' வருவதில்லை. பெரியவர் தரும் விடையும் எங்கும் ஒன்றே: "அது அவர் வேலைடா, வா." பெரட்டுக் களத்தில் பனியில் நின்றவளைச் சுட்டி எந்தத் துரையின் குழந்தையாவது அவ்வாறு கேட்டிருந்தால், துரை ஆங்கிலத்தில் கூறியிருக்கக்கூடிய விடையும் இதுவேதான்.

பங்சாரில் இன்று பெரட்டு இல்லை. தோட்டம் 1960களின் இறுதி தொட்டு வீட்டுமனைகளாக மாறத் தொடங்கி, பால்மரம் நின்ற மேடுகளில் மாடிகள் ஏறிவிட்டன. அம்மாடிகளின் வாயில்களில் நேப்பாளத்திலிருந்து வந்த காவலர்கள் சீருடையில் நிற்கின்றனர். உள்ளே செல்லும் வண்டிகளில், தோட்டத்து வரிசையில் நின்றவர்களின் வழிவந்த மருத்துவரும் வழக்கறிஞரும் கூட இருக்கின்றனர். வண்டி நெருங்கும்போது காவலர் விறைத்து நின்று கையை நெற்றிக்கு உயர்த்துகிறார். கண்ணாடியை இறக்கிப் பெயர் சொல்லி நலம் கேட்போரும் உளர். தடைக்கம்பு உயர்ந்ததா என்று மட்டும் பார்த்துச் செல்வோரும் உளர். சில வாயில்களில் காவலர் கூண்டுக்குள் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். சிலவற்றில் இல்லை.